தேறாத சீட்டைக் கேளுங்கள்: பழைய ஃபோர்வீல் வாங்கப் போகிறவர்களுக்கு

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பழைய ஃபோர்வீல் (நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி) விற்கிறவர் முதலில் நீட்டுவது பரிசோதனைச் சீட்டைத்தான். "பாரு தம்பி, பாஸ் ஆயிடுச்சி. அப்புறம் என்ன யோசனை?" என்பார். வாங்கிப் பாருங்கள், மடித்துத் திருப்பிக் கொடுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: "அண்ணே, இதுக்கு முன்னால ஃபெயில் ஆன சீட்டு இருக்கா?"

சிலர் சிரித்து மழுப்புவார்கள். சிலர் டேஷ்போர்டு டப்பாவைத் திறந்து, கசங்கிப் போன தாளை எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டாவது ஆளிடம் வண்டி வாங்குவதையே நான் விரும்புவேன். தேறிய சீட்டில் ஒரு சொல்தான் இருக்கும். தேறாத சீட்டில் பிரேக் எந்தப் பக்கம் பிடிக்கவில்லை, புகை எவ்வளவு, எது ஒழுகியது என்ற விவரம் இருக்கும். "இதை எப்படிச் சரி பண்ணீங்க, பில் இருக்கா?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.

எல்பில், காமுனிங் தோட்டங்களின் பக்கமிருந்து வந்து இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் இருக்கும் பிள்ளைகள் பலர் லாசா சாலையோரம் டுரியான் தோப்போ, ஐந்தாறு ஏக்கர் செம்பனையோ எடுத்துச் செய்கிறார்கள். மழைக்காலத்தில் அந்தச் செம்மண் ஏற்றத்தில் சாதாரணக் கார் ஏறாது. பழைய ஃபோர்வீல் ஒன்று வேண்டும் என்று கிளம்புவார்கள், கிளம்பும்போது என்னையும் கூப்பிடுவார்கள். எல்லாரோடும் போக முடிவதில்லை, அதனால் நான் பார்க்கிற முறையை இங்கே எழுதி வைக்கிறேன்.

சீட்டு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது

நம் மலேசியாவில் சொந்த உபயோக வண்டிக்கு வருடாந்தரப் பரிசோதனை கிடையாது. வண்டி கை மாறும்போதுதான் பி5 என்ற பரிசோதனை. வங்கிக் கடனில் வாங்கினால் பி7-உம் சேரும். 1994-லிருந்து 2024 ஆகஸ்டு வரை இந்த வேலை புஸ்பாகோம் என்ற ஒரே நிறுவனத்தின் கையில்தான் இருந்தது. பிறகுதான் மற்ற நிறுவனங்களுக்கும் வழி திறந்தது. அதனால் உங்கள் கையில் வரும் பழைய தாள்கள் அநேகமாகப் புஸ்பாகோம் தாள்களாகவே இருக்கும்.

பி5-இல் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். பிரேக், விளக்கு, புகை, கண்ணாடிக் கறுப்பு, சக்கரம் நேராக ஓடுகிறதா, அடிப்பாகம் எப்படி இருக்கிறது என்பதையும் பார்ப்பார்கள். எஞ்சினைத் திறக்க மாட்டார்கள். ஃபோர்வீல் கியர் விழுகிறதா என்று சேற்றில் இறக்கிப் பார்க்க மாட்டார்கள். வண்டி திருட்டு வண்டி இல்லை, அன்றைக்கு ரோட்டில் ஓடத் தகுதியாக இருந்தது, அவ்வளவுக்குத்தான் அந்தச் சீட்டு சாட்சி. அதற்காக அதை அலட்சியம் செய்யவும் கூடாது. இந்த நாட்டில் ஒட்டு வண்டி, அதாவது இரண்டு வண்டியை வெட்டி ஒன்றாக்கிய வண்டி, இன்னும் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தனியார் பேரில் பளபளவென்று நிற்கிற வண்டியைவிட, லாரி பெர்மிட்டில் ஓடிய பிக்கப்புக்குத்தான் எழுத்துச் சரித்திரம் அதிகம். சரக்கு வாகனம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போயாக வேண்டும். நல்ல கிராணி (எழுத்தர்) இருந்த இடமாக இருந்தால் அந்தத் தாள்கள் ஒரு கோப்பில் கட்டாகக் கிடக்கும். வரிசையாக அடுக்கிப் பாருங்கள். ஒரே பழுது மூன்று முறை திரும்ப வந்திருந்தால், அதை யாரும் சரி செய்யவே இல்லை, சீட்டுக்காக ஒப்பேற்றியிருக்கிறார்கள் என்று பொருள். உழைத்து ஓடிய வண்டிதான், ஆனால் எவ்வளவு உழைத்தது என்று தெரிந்துகொண்டு வாங்கலாம்.

முதல் வேலை: போனிலேயே பாதியைக் கழிப்பது

வண்டியைப் பார்க்க ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் பெட்ரோல் செலவழிப்பதற்கு முன் நாலு விஷயம் கேளுங்கள். கெரான் (வண்டியின் பதிவுப் பத்திரம்) யார் பேரில் இருக்கிறது? வங்கிக் கடன் பாக்கி உண்டா? எத்தனை வருஷமாக உங்களிடம் இருக்கிறது? என்ன வேலைக்கு ஓட்டினீர்கள்?

"மச்சான் பேர்ல இருக்கு, மாசா மாசம் நீங்க கட்டிக்கிட்டே போங்க" என்றால் அங்கேயே வைத்துவிடுங்கள். சம்போங் பாயார் என்று சொல்கிற இந்த ஏற்பாட்டில் வண்டி உங்களுடையது ஆகாது. கடன் எடுத்தவர் தவணையை நிறுத்தினாலும், நீங்களே ஒழுங்காகக் கட்டி அவர் வங்கிக்குப் போடாமல் இருந்தாலும், வண்டியை இழுத்துக்கொண்டு போவது உங்கள் வாசலிலிருந்துதான். விபத்து நடந்தால் காப்புறுதியிலும் சிக்கல்.

நம் பக்கத்தில் இன்னொன்று அடிக்கடி நடக்கும். கெரான் இறந்துபோன அப்பா பேரிலேயே இருக்கும். மகன் நல்ல பையனாக இருப்பான், பொய் சொல்ல மாட்டான். ஆனாலும் சொத்துப் பங்கீட்டு உத்தரவு வாங்காமல் அவன் விற்க முடியாது. "பேப்பர் முடிச்சிட்டு கூப்பிடு தம்பி" என்று சொல்லி வையுங்கள், முன்பணம் கொடுக்காதீர்கள். நிறுவனத்தின் பேரில் இருந்தால், விற்க அதிகாரம் பெற்றவரின் கடிதம் வேண்டும். தோட்டத்து வண்டியைச் சூப்பர்வைசர் ஒருவர் வாய்வார்த்தையில் விற்றுவிட முடியாது.

இரண்டாவது: தாள்களை வண்டியின் பக்கத்தில் வைத்துப் படிப்பது

கெரானை வீட்டுக்குள் உட்கார்ந்து படிக்காதீர்கள். வண்டியருகே நின்று படியுங்கள். சேசிஸ் எண் சட்டத்தின் இரும்பிலேயே அடித்திருக்கும், பல பிக்கப்புகளில் முன் வலது சக்கரத்தருகே. துணியால் துடைத்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். எழுத்துகள் சமமாக இல்லாவிட்டாலும், சுற்றிலும் மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தாலும், வெல்டிங் தடம் தெரிந்தாலும் அத்தோடு கிளம்பிவிடுங்கள். விலை எவ்வளவு குறைத்தாலும் சரி.

எஞ்சின் எண்ணில் கொஞ்சம் நிதானம் தேவை. பழைய லேண்ட் குரூசர், பஜேரோ, ஜிம்னி போன்றவற்றில் ஹாஃப்-கட் எஞ்சின் (வெளிநாட்டில் பாதியாக வெட்டி இறக்கிய பழைய வண்டியின் எஞ்சின்) மாற்றியிருப்பது சகஜம். மாற்றினால் தப்பில்லை. மாற்றியதை ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிந்து கெரானில் ஏற்றினார்களா என்பதுதான் கேள்வி. ஏற்றவில்லை என்றால் பெயர் மாற்றம் நடக்காது, அந்த அலைச்சல் உங்கள் தலையில் விழும். ஸ்பிரிங் உயர்த்தியது, பம்பர் மாற்றியது, மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயர் ஆகியவற்றையும் கவனியுங்கள். பார்க்க அழகாக இருக்கும், பரிசோதனையில் மாட்டும்.

கெரானில் தயாரித்த ஆண்டு ஒன்று, பதிவான தேதி இன்னொன்று. இரண்டையும் பாருங்கள். சீட் பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் துண்டுச்சீட்டிலும் பெரும்பாலும் ஆண்டு இருக்கும். 2012 வண்டியில் 2016 சீட் பெல்ட் என்றால் ஏன் என்று கேட்கலாம்.

சம்மன், கறுப்புப் பட்டியல் எல்லாம் விற்கிறவரின் கைப்பேசியில் மைஜேபிஜே செயலியைத் திறக்கச் சொல்லி அவர் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். போலீஸ் சம்மனுக்கு மைபாயார் பிடிஆர்எம் செயலி. இரண்டும் ஐந்து நிமிட வேலை.

டீசல் வண்டிக்குப் பேர் விஷயம் இன்னொரு வகையிலும் முக்கியம். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. அப்போது அரசாங்கம் அறிவித்த மாதம் 200 ரிங்கிட் 'புடி' என்ற டீசல் உதவித்தொகை, தகுதி இருந்தால், வண்டி யார் பேரில் பதிவோ அவருக்குத்தான். அடுத்தவர் பேரில் வண்டி ஓட்டுகிறவருக்கு வராது.

மூன்றாவது: கீழே படுப்பது

இதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். பாடி, சீட், ரேடியோ எல்லாம் மாற்றக்கூடியவை. சேசிஸ் துருப்பிடித்தால் வண்டியே முடிந்தது.

பல வருஷத்துக்கு முன் நான் ஒரு பிக்கப் வாங்கினேன். பரிசோதனையில் தேறியிருந்தது. அடியில் கறுகறுவென்று தார்ப் பூச்சு, "இப்பதான் அண்டர்கோட் அடிச்சேன்" என்றார் விற்றவர். எனக்கு அது அக்கறையாகத் தோன்றியது. மூன்றாம் மாதம் லாசாவிலிருந்து உர மூட்டையோடு இறங்கி வரும்போது பின்பக்க ஸ்பிரிங்கைத் தாங்கும் கொக்கி சட்டத்திலிருந்து பிய்ந்துகொண்டது. பூச்சுக்கு அடியில் இருந்தது இரும்பே இல்லை, அப்பளம். அன்றிலிருந்து புதுக் கறுப்புப் பூச்சைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

பழைய பாய் ஒன்று, டார்ச், ஸ்க்ரூ டிரைவர் எடுத்துப் போங்கள். பின் சக்கரத்துக்கு மேலே சட்டம் வளைகிற இடம், ஸ்பிரிங் கொக்கிகள், பெட்டி போல மூடியிருக்கும் சட்டத்தின் ஓட்டைகள் ஆகிய இடங்களை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று ஒலிக்கும். உளுத்த இரும்பு தகர டின் மாதிரி சத்தமிழந்து ஒலிக்கும். ஓட்டைக்குள் விரலை விட்டால் காய்ந்த சேறு கட்டியாக வருகிறதா? அந்தச் சேறுதான் வருஷக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளேயிருந்து தின்கிறது.

தோட்ட வண்டிக்கே உரிய ஒரு வியாதி உண்டு. பின் தட்டில் உரம் ஏற்றியிருப்பார்கள். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் ஒருவகை உப்புதான். கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டி, மழையில் கரைந்து, தட்டின் இடுக்கு வழியாகச் சட்டத்தின் மேல் வழியும். கடலோர வண்டி துருப்பிடிப்பது போலத்தான் இதுவும். தட்டின் பிளாஸ்டிக் விரிப்பைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். "அது ஒட்டிக்கிச்சி, வராது" என்றால் நாலு பேர் சேர்ந்தாவது தூக்குங்கள். தட்டின் பக்கவாட்டில் உள்ளிருந்து வெளியே தள்ளிய குட்டிக் குட்டிப் புடைப்புகள் இருந்தால் செம்பனைக் குலை ஏற்றிய வண்டி. பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்திருந்தால் அளவுக்கு மீறி ஏற்றிய வண்டி.

நிசான் நவாராவின் டி40 ரகத்தில் சேசிஸ் துருப்பிடித்து உடைந்த சம்பவங்கள் இங்கிலாந்தில் பெரிய பிரச்சினையாகப் பேசப்பட்டன. அங்கே ரோட்டில் உப்புப் போடுகிறார்கள், இங்கே போடுவதில்லை என்று நாம் நிம்மதியாக இருக்க முடியாது. நம்மிடம் உர மூட்டை இருக்கிறது.

அப்படியே படுத்திருக்கும்போது முன், பின் டிஃபரென்ஷியலை (அச்சின் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் உருண்டை) பாருங்கள். முடிந்தால் விற்கிறவர் அனுமதியோடு நிரப்பு மூடியைத் திறந்து விரலால் தொட்டுப் பார்க்கலாம். எண்ணெய் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, ஆற்றில் இறங்கிய வண்டி. அச்சுக்கு மேலே இருக்கும் சின்னக் காற்றுக் குழாய் அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் புகுகிற வழி பெரும்பாலும் அதுதான்.

நான்காவது: வெள்ள வண்டியா?

2014 டிசம்பரில் கிளந்தான், 2021 டிசம்பரில் ஷா ஆலம் பக்கம் வந்த வெள்ளங்களில் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ. கழுவித் துடைத்த வண்டி தூரத்து ஊரில்தான் விலை போகும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கே மறைந்திருக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் திருகுகள் துருப்பிடித்திருந்தால், அந்த உயரத்துக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. தரைவிரிப்பின் மூலையைத் தூக்கி மோந்து பாருங்கள். வாசனைத் திரவியம் அதிகமாக அடித்த வண்டியில் இதை இரண்டு முறை செய்யலாம்.

ஐந்தாவது: ஆறிய எஞ்சின்

காலையில் போங்கள், வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கச் சூடு ஏற்றியிருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

ரேடியேட்டர் மூடியை ஆறியிருக்கும்போது மட்டும் திறக்க வேண்டும். தண்ணீர் துருநிறமாக இருந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றால் பரவாயில்லை. நீலப் புகை நிற்காமல் வந்தால் எண்ணெய் எரிகிறது. எஞ்சின் ஓடும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, தலைகீழாக அந்த ஓட்டையின் மேல் சும்மா வையுங்கள். லேசாக ஆடினால் சரி. தூக்கி எறிந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்த எஞ்சின்.

வண்டிக்கு வண்டி பலவீனம் வேறு. ஹைலக்ஸின் 3.0 லிட்டர் 1கேடி எஞ்சினில் இஞ்செக்டர் அடியில் இருக்கும் செம்பு வாஷர்தான் தெரிந்த தொல்லை. அது கசிந்தால் கரி எண்ணெயில் கலந்து, எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைக்கும். அப்புறம் எஞ்சினே போகும். "இஞ்செக்டர் வாஷர் மாத்துனீங்களா, எப்போ?" என்று கேளுங்கள். கேள்வி புரியாத மாதிரி விழித்தால் மாற்றவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நவாராவின் 2.5 லிட்டர் ஒய்டி25 எஞ்சினில் டைமிங் செயின் நீளும், ஆறிய ஸ்டார்ட்டில் சலசலக்கும். பஜேரோவிலும் பழைய டிரைட்டனிலும் இருக்கும் 4டி56-இல் டைமிங் பெல்ட். எப்போது மாற்றியது என்று ஸ்டிக்கரோ பில்லோ இல்லை என்றால் மாற்றாததாகவே கணக்குப் போட்டு விலையில் கழியுங்கள்.

மீட்டரைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். மீட்டரை வெட்டுவது, அதாவது ஓடிய கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுவது, சுலபம். கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டீயரிங் தோல், ஓட்டுநர் சீட்டின் வலது விளிம்பு ஆகிய மூன்றையும் வெட்ட முடியாது. கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் பார்த்த வண்டி என்றால், உரிமையாளரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிவு எண்ணைக் கொடுத்து வரலாற்றை எடுக்கச் சொல்லலாம். எந்தக் கிலோமீட்டரில் எப்போது வந்தது என்று வரிசையாகத் தெரியும்.

ஆறாவது: மண்ணில் ஓட்டுவது

தார் ரோட்டில் மட்டும் ஓட்டிக் காட்டுகிறவரிடம், "ஏற்றம் ஒண்ணு ஏறிப் பார்த்துடுவோம்" என்று சொல்லுங்கள். தோட்டத்து மண் ரோட்டுக்குள் நுழைவதென்றால் காவல் சாவடியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஃபோர்வீலை மண்ணில்தான் போட வேண்டும். பிக்கப்புகள் பலவற்றில் நடு டிஃபரென்ஷியல் இல்லை, ஃபோர்வீலில் போட்டுத் தாரில் வளைத்தால் உள்ளே இறுகிக்கொண்டு பல்சக்கரம் கெடும். மண்ணில் 4ஹெச் (வேகமான ஃபோர்வீல்) போட்டுப் பத்து மீட்டர் நகர்த்துங்கள், விளக்கு எரிகிறதா பாருங்கள். நிறுத்தி 4எல் (மெதுவான, பலமான ஃபோர்வீல்) போடுங்கள். முதல் கியரில் காலை எடுத்தால் நடக்கிற வேகத்தில் தானாக ஊர்ந்து ஏற வேண்டும். லீவர் விழவில்லை, "ரொம்ப நாளா போடல, அதான்" என்றால், போடாமல் விட்டதும் ஒரு பழுதுதான். அதையும் பேரத்தில் சேருங்கள்.

ஏற்றத்தில் சூட்டு முள்ளைப் பாருங்கள், நடுவைத் தாண்டக் கூடாது. இறக்கத்தில் காலை எடுத்து எஞ்சினால் பிடித்து இறங்குங்கள், கியர் துள்ளி வெளியே வருகிறதா தெரியும். முன்னும் பின்னும் மாற்றும்போது 'டொக்' என்று அடித்தால் புரொப்பெல்லர் தண்டின் இணைப்புக் கட்டைகள் தேய்ந்திருக்கின்றன. அது சின்ன செலவு, பயப்பட வேண்டாம். பழைய லேண்ட் குரூசரிலும் ஜிம்னியிலும் குழியில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தால் அது சின்ன செலவில்லை.

ஏழாவது: உங்கள் ஃபோர்மேன் (மெக்கானிக்), அப்புறம் பி5

இவ்வளவும் தேறினால் நூறோ இருநூறோ செலவானாலும் உங்களுக்குத் தெரிந்த வொர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கிப் பாருங்கள். விற்கிறவர் காட்டும் வொர்க்‌ஷாப் வேண்டாம். டீசல் ஃபோர்வீல் பார்த்துப் பழகிய ஃபோர்மேனாக இருக்கட்டும். சேசிஸ் தட்டியதையும் டிஃபரென்ஷியல் எண்ணெயையும் அவரிடம் சொல்லுங்கள், நீங்கள் பார்க்காததை அவர் பார்ப்பார்.

பி5-க்கு முன்பதிவு செய்து விற்கிறவரோடு நீங்களும் போங்கள். வரிசையில் காத்திருக்கப் பொறுமை வேண்டும். தேறாமல் போனால் கோபப்படாதீர்கள், அந்தத் தாளை வாங்கிப் பையில் வையுங்கள், சரி செய்யும் செலவு யாருடையது என்று அங்கேயே பேசிவிடுங்கள்.

முன்பணம் சின்னதாக, எழுத்தில், வண்டி எண்ணும் அடையாள அட்டை எண்ணும் போட்டு, "பி5 தேறாவிட்டால் திருப்பித் தரப்படும்" என்ற வரியோடு. உங்கள் பேரில் காப்புறுதி எடுத்து, ஜேபிஜேயில் இருவரும் விரல் ரேகை வைத்து, பெயர் மாறியதைப் பார்த்த பிறகு மிச்சப் பணம். "காசு முதல்ல, பேரு அடுத்த வாரம்" என்பதற்குச் சம்மதிக்க வேண்டாம், சொந்தக்காரராக இருந்தாலும்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே எஞ்சின், கியர், டிரான்ஸ்ஃபர், இரண்டு டிஃபரென்ஷியல் ஆகிய எல்லா எண்ணெயையும் மாற்றிவிடுங்கள். இறக்கிய எண்ணெயைப் பழைய மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றி ஒரு நாள் நிற்க விடுங்கள். அடியில் தண்ணீரோ, வெயிலில் மின்னும் இரும்புத்தூளோ தங்கினால், டுரியான் விழ ஆரம்பிப்பதற்கு முன்பே ஃபோர்மேனிடம் போய்விடலாம்.